விமானத்தில் மெஸ் கிடையாது

நான் நின்றுகொண்டே சாப்பிடுகிறவள். சமையல் மேடையில் தட்டை வைத்து, சுவரைப் பார்த்தபடி நான்கு நிமிடம். சுர்மை மீனாக இருந்தால் முள் பார்க்க வேண்டும், ஐந்து நிமிடம். நான் கை கழுவித் திரும்பும்போதுதான் அக்கா மேசையில் தண்ணீர்ச் செம்பை வைத்து, நாற்காலியை இழுத்துப் போட்டு, முந்தானையைச் செருகிக்கொண்டு முதல் கவளத்தைப் பிசைந்துகொண்டிருப்பாள்.

"உக்காந்து தின்னா தொண்டையில எறங்காதா? எந்த ஃப்ளைட்டுடி கெளம்புது ஒனக்கு?" என்பாள்.

சில நாள் உண்மையிலேயே ஒன்று கிளம்பும். போர்ட் பிளேரின் ஜங்லிகாட்டில் எங்கள் வீட்டிலிருந்து விமான நிலையம் ஆட்டோவில் பத்து நிமிடம். காலையில் மெயின்லேண்டிலிருந்து விமானங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். சத்தத்தை வைத்தே சக்கரம் இறங்கிவிட்டதா இல்லையா என்று சொல்லிவிடுவேன். யாரும் என்னைக் கேட்பதில்லை. இருந்தாலும் சொல்வேன்.

முப்பத்தாறு வருடம் விமானப் பணிப்பெண்ணாக இருந்தேன். ஓய்வு பெற்று இரண்டு வருடமாகிறது. ஓய்வு என்ற சொல்லே எனக்கு எரிச்சலைக் கிளப்புகிறது. காலை நாலரைக்கு விழிப்பு வந்துவிடும். ஐந்துக்குள் கொண்டை போட்டு, சேலைக்குப் பின் குத்தி, கண்ணுக்கு மை வைத்து முடித்திருப்பேன். அதன் பிறகு போக ஓர் இடம் கிடையாது. வாசலுக்கும் கொல்லைக்கும் நடப்பேன். பத்து மணிக்கு டவுன் பஸ் ஏறி அபர்டீன் பஜார் போவேன். ஏறியதும் தலைகளை எண்ணுவேன், எந்தப் பக்கத்து ஜன்னல் திறக்கும் என்று பார்த்துக்கொள்வேன். பஜாரில் ஒன்றும் வாங்காமல் அடுத்த பஸ்ஸில் திரும்பி வருவேன். ஒருமுறை, உடம்பும் மனசும் கொஞ்சம் அடங்கட்டும் என்று லாங் ஐலண்டுக்குப் படகில் போனேன். நான்கு நாள் தங்குவதாகத் திட்டம். படகுத்துறையில் இறங்கினேன், ஒரு டீ குடித்தேன், அதே படகு திரும்பும்போது ஏறி வந்துவிட்டேன். பை திறக்கப்படவே இல்லை.

"அங்க என்ன, பூதமா இருந்துச்சு?" என்றாள் அக்கா.

அக்கா என்னைவிட எட்டு வயது மூத்தவள். அத்தான் போய் ஆறு வருடமாகிறது, பிள்ளைகள் இல்லை. நான் கல்யாணமே செய்துகொள்ளவில்லை. அப்பா ராமநாதபுரம் பக்கத்திலிருந்து துறைமுக வேலைக்கு வந்து கட்டிய இந்த வீட்டில் இப்போது நாங்கள் இரண்டு பேர். அக்கா முப்பது வருடம் கப்பல் டிக்கெட் கவுண்டரில் உட்கார்ந்தவள். அவளுக்கு உலகம் என்றால் கப்பல்தான். கப்பல் மூன்று நாளில் சென்னை போகும். போகிறவர்களுக்குக் கரையில் நின்று, கண்ணுக்கு மறைகிற வரைக்கும் கை காட்டலாம். விமானத்தில் அந்த மரியாதை ஏது என்பாள். அறுபத்தாறு வயது வரை அவள் விமானத்தில் கால் வைத்ததில்லை.

என் வேலைப் பேச்சு வீட்டில் அவளுக்கு ஒரு தினசரி வேடிக்கை. சமையலறையை நான், விமானத்தில் சாப்பாடு எடுத்து வைக்கும் மூலையைச் சொல்வது போல, கேலி என்பேன். விருந்தாளி வந்தால் வாசலிலேயே நின்று, இரண்டு கையையும் கோத்து, வெஜ்ஜா நான்-வெஜ்ஜா என்று கேட்டுவிடுவேன். கேஸை மூடினால் அவளைக் கூப்பிட்டு இன்னொரு தடவை பார்க்கச் சொல்வேன். விமானத்தில் கதவை மூடியதும் என் கதவை நீ பார்க்க வேண்டும், உன் கதவை நான் பார்க்க வேண்டும். தன் வேலையைத் தானே சரி என்று சொல்லிக்கொள்ள யாருக்கும் அனுமதியில்லை. அதற்குக் கிராஸ் செக் என்று பெயர். அக்கா அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டாள். நான் குளித்துவிட்டு வந்தால்கூட, "முதுகு கிராஸ் செக் ஆச்சா?" என்பாள்.

நாங்கள் சிரித்துக்கொண்டுதான் இருந்தோம். ஆனால் சாப்பாட்டு விஷயத்தில் மட்டும் அவள் கிண்டலுக்கு அடியில் ஒரு கோபம் இருந்தது. அது எனக்குத் தெரியும். எதனால் என்றுதான் அப்போது தெரியாது.

அது புரிய டர்ன்அரவுண்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். விமானம் ஓர் ஊரில் இறங்கி, வந்தவர்களை இறக்கி, போகிறவர்களை ஏற்றி, அப்படியே திரும்புவது. விமானத்தில் வேலை செய்யும் க்ரூ இறங்குவதில்லை. சென்னை, போர்ட் பிளேர், சென்னை. மாதத்தில் நாலைந்து முறையாவது எனக்கு அந்த டியூட்டி விழும். இப்போது அறிவிப்பில் ஸ்ரீ விஜயபுரம் என்கிறார்கள். எங்கள் வாயில் இன்னும் போர்ட் பிளேர்தான். நாற்பது நிமிடம் என் சொந்த ஊரில் நிற்பேன். கதவோரம் நின்றால் எங்கள் ஊர் மழை வாசனை வரும். வீடு பத்து நிமிட தூரத்தில் இருக்கும். இறங்க முடியாது.

அம்மாதான் கேரியர் அனுப்ப ஆரம்பித்தாள். மூன்றடுக்கு எவர்சில்வர் கேரியர். மேல் டப்பாவில் வறுவல், நடுவில் குழம்பு, அடியில் சோறு. சாமான் ஏற்றும் லோடர் ஒருவர் எங்கள் தெருக்காரர், அவர் கையில் வரும். அந்தக் காலத்தில் இது நடந்தது. இன்றைக்கு யாராவது அப்படிச் செய்தால் பெரிய ரகளையாகிவிடும். அம்மாவுக்கு முடியாமல் போனபோது அக்கா சமைத்து அனுப்பினாள். எங்கள் க்ரூவில் அந்தக் குழம்புக்கு ஒரு ரசிகர் கூட்டமே உண்டு. கேப்டன் ஒருவர் தரை இறங்கும் முன்பே, "இன்னிக்கு என்ன மீன்?" என்று கேட்டு அனுப்புவார். கேலியில் ட்ராலி மேல் கேரியரைப் பிரித்து வைத்து, திரையை இழுத்துவிட்டு, நான்கு பேரும் சுவரைப் பார்த்து நின்று சாப்பிடுவோம். முதல் பயணி படியில் கால் வைக்கும் சத்தம் கேட்டதும் வாயைத் துடைத்துக்கொண்டு சிரிப்போடு திரும்புவோம். கழுவத் தண்ணீர் கிடையாது. டிஷ்யூவால் துடைத்து, காலி டப்பாக்களில் உப்பு மிளகுப் பொட்டலம், சின்ன வெண்ணெய்க் கட்டி எல்லாம் போட்டுத் திருப்பி அனுப்புவேன்.

போனில் பேசும்போது அக்கா மறக்காமல் கேட்பாள். "மெஸ்ஸுல உக்காந்து நல்லாச் சாப்ட்டியா?"

கப்பலில் வேலை செய்கிறவர்களுக்கு மெஸ் உண்டு. மேசை, பெஞ்சு, மின்விசிறி எல்லாம் இருக்கும். விமானத்திலும் அப்படி ஒன்று இருக்கும் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். முதல் தடவை கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. விளக்க ஆரம்பித்தால் அம்மா கவலைப்படுவாள் என்று, "ஆமாக்கா, மெஸ்ஸுலதான்" என்றேன். பிறகு வருடக்கணக்காக அதையே சொன்னேன். சொல்வது சுலபமாக இருந்தது.

ஒரே ஒரு முறை கேரியர் திறக்கப்படாமல் திரும்பிப் போனது. நல்ல மழைக்காலம். சென்னையிலேயே தாமதமாகிவிட்டது. காற்று ஏறுவதற்குள் கிளம்பியாக வேண்டும், இருபது நிமிடத்தில் கதவை மூடுங்கள் என்றார் கேப்டன். பழக்கப்பட்ட லோடர் அன்றைக்கு வரவில்லை, யாரோ புது ஆள் கேரியரை நீட்டினார். என் கையில் பயணிகள் பட்டியல், பின்னால் ஒரு குழந்தை வாந்தி எடுத்துக்கொண்டிருந்தது. "டைம் நஹி ஹை பையா, வாபஸ் லே ஜாவ்" என்றேன். நேரமில்லை, திருப்பி எடுத்துப் போங்கள் என்று சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டேன். அம்மா அப்போது ஒரு வாரமாக ஆஸ்பத்திரியில் இருந்தாள், இரண்டு நாளில் வீட்டுக்கு வந்துவிடுவாள் என்றுதான் எல்லோரும் சொன்னோம். மறுநாள் அம்மா போய்விட்டாள். நான் அப்போது கல்கத்தாவில் ஒரு ஹோட்டல் அறையில் இருந்தேன். நான் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

அதற்குப் பிறகு அக்கா கேரியர் அனுப்பவில்லை. துக்கத்தினால் என்று நினைத்துக்கொண்டேன். நானும் கேட்கவில்லை. இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது.

இந்த வருடம் மழை விட்ட சமயத்தில் அக்காவுக்கு மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்க ஆரம்பித்தது. இதயத்தில் ஒரு வால்வு சுருங்கிப் போயிருக்கிறது, மெயின்லேண்டில்தான் ஆபரேஷன், ஒரு மாதத்துக்குள் போங்கள் என்றார் டாக்டர்.

"கப்பல் பதினெட்டாம் தேதி இருக்கு" என்றாள் அக்கா.

"கப்பல் வேண்டாம்" என்றார் டாக்டர். மூன்று நாள் நடுக்கடலில் ஏதாவது ஆனால் ஒன்றும் செய்ய முடியாது. விமானத்தில் இரண்டு மணி நேரம். நான் கூடவே இருக்கிறேன், அதுவும் முப்பத்தாறு வருடம் அதிலேயே கிடந்தவள்.

"நான் ஏற மாட்டேன்" என்றாள். வீட்டுக்கு வந்த பிறகும் அதேதான். பயமா என்று கேட்டேன். இல்லை. பிறகு என்ன? "அதுல நான் ஏற மாட்டேன், பஸ்." எங்கள் ஊரில் பஸ் என்றால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம்.

நான் கோபக்காரி. வேலையில் முப்பத்தாறு வருடம் சிரித்த சிரிப்புக்கெல்லாம் வீட்டில்தான் வட்டி வசூலித்திருக்கிறேன். ஒரு வாரம் கெஞ்சினேன். எட்டாம் நாள், "அப்படின்னா கப்பல் வர்ற வரைக்கும் உக்காந்து சாவு" என்று கத்திவிட்டேன். அவள் மீன் கழுவப் போனாள். இரண்டு நாள் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. அந்த இரண்டு நாளும் நான் சாப்பிட்டது உட்கார்ந்தா நின்றா என்று யாரும் கவனிக்கவில்லை. இவள் இல்லாவிட்டால் இந்த வீட்டில் எனக்கு யார் இருக்கிறார்கள் என்று நினைத்து நினைத்து வாசலுக்கும் கொல்லைக்கும் நடந்தேன்.

மூன்றாம் நாள் காலை மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். அக்கா படிக்குப் படி நின்று நின்று மேலே ஏறி வந்தாள். அந்த நேரம் முதல் விமானம் இறங்கிக்கொண்டிருந்தது.

"வாய்க்குள்ள என்னத்தடி முணுமுணுக்கிற?"

நான் முணுமுணுத்தது எனக்கே தெரியாது. விமானம் மேலே ஏறும்போதும் கீழே இறங்கும்போதும் க்ரூவில் நாங்கள் மனசுக்குள் ஒரு முப்பது விநாடி ஒத்திகை பார்த்துக்கொள்வோம். இப்போது ஏதாவது ஆனால் எந்தக் கதவு, எப்படித் திறப்பது, என்ன சொல்லிக் கத்துவது, யாருக்கு முதலில் கை கொடுப்பது. பயணிகளுக்கு நாங்கள் சும்மா உட்கார்ந்திருப்பதாகத்தான் தெரியும். இதை அக்காவிடம் சொன்னேன்.

"தெனமுமா?"

"ஒவ்வொரு தடவையும்."

"யாருக்கு மொதல்ல கை குடுப்பீங்க?"

"தானா எந்திரிக்க முடியாதவங்களுக்கு."

விமானம் மரங்களுக்குப் பின்னால் மறைகிற வரைக்கும் அக்கா பார்த்துக்கொண்டிருந்தாள். "சரி, புக் பண்ணு" என்றாள். "சாப்பாடு நான் கட்டுவேன். அங்க குடுக்கிற சவக் சவக் ரொட்டியெல்லாம் ஒனக்கு வேணாம்."

குழம்பு கொண்டுபோக முடியாது என்று புரிய வைக்க ஒரு மாலை முழுக்க ஆனது. "கப்பல்ல குண்டாவோட ஏத்துவோம்" என்று முறைத்தாள். கடைசியில் புளிச்சோறு, சுர்மை வறுவல், முட்டை என்று முடிவானது. பரணிலிருந்து அதே மூன்றடுக்கு கேரியரை இறக்கினாள். பிடியில் இருந்த நசுங்கல்கூட அப்படியே இருந்தது. நான் பார்க்காத மாதிரி இருந்துகொண்டேன்.

விமான நிலையத்தில் அவளுக்குச் சக்கர நாற்காலி கேட்டிருந்தேன். ராணி மாதிரி மடியில் கேரியரை வைத்துக்கொண்டு போனாள். பாதுகாப்புச் சோதனையில் ஒரு பெண் ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து, இதில் என்ன என்று கேட்டாள்.

"இஸ்மே க்யா ஹை, அம்மா?"

"மச்சி ஹை, பேட்டி. மெஸ் மே பைட் கே காயேங்கே" என்றாள் அக்கா கம்பீரமாக. மீன்தானாம், மெஸ்ஸில் உட்கார்ந்து சாப்பிடுவோமாம்.

அந்தப் பெண் சிரித்துக்கொண்டே டப்பாவை மூடித் தந்தாள். எனக்குக் காது சூடானது. வருடக்கணக்காகச் சொன்ன பொய் மடியில் உட்கார்ந்து என் கூடவே வந்துகொண்டிருந்தது. அப்போதே சொல்லியிருக்கலாம். வேகமாக நடந்தேன்.

சக்கர நாற்காலிக்காரர்களை எல்லோருக்கும் முன்னால் ஏற்றுவார்கள். அப்போது க்ரூவுக்கு டர்ன்அரவுண்டின் கடைசி நிமிடங்கள். நாங்கள் கதவுக்குள் நுழைந்தபோது முன் கேலியில் ஒரு பெண் எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டிருந்தாள். இருபத்து நாலு, இருபத்தைந்து வயது இருக்கும். ட்ராலி மேல் ஒரு சின்ன டப்பா. எலுமிச்சைச் சாதம் வாசனை வந்தது. கரண்டியால் வேக வேகமாக அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தாள். எங்கள் சத்தம் கேட்டதும் டப்பாவை மூடி, மூலையில் தள்ளி, வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள். முழுச் சிரிப்பு. ஒரு கன்னம் மட்டும் உப்பியிருந்தது.

அக்கா என் கையைப் பிடித்து எழுந்தவள் அங்கேயே நின்றுவிட்டாள். அந்த இடத்தை மேலும் கீழும் பார்த்தாள். இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் திரும்ப முடியாத இடம் அது.

"மெஸ் எங்க?" என்று என்னைக் கேட்டாள்.

"மெஸ் இல்லக்கா."

"அப்ப நீ?"

"இங்கதான். இப்படித்தான்."

அக்கா அந்தப் பெண்ணைப் பார்த்தாள். "நீ சாப்புடும்மா. நாங்க நிக்கிறோம். அவசரமில்ல" என்றாள். அந்தப் பெண்ணுக்குத் தமிழ் தெரியவில்லை. "வெல்கம், மேம்" என்றாள்.

ஜன்னல் இருக்கையில் அக்காவை உட்கார வைத்து பெல்ட் போட்டுவிட்டேன். கதவு மூடினார்கள், கிராஸ் செக் என்ற குரல் கேட்டது. அக்கா சிரிக்கவில்லை. விமானம் ஓடத் தொடங்கியதும் என் உதடு தானாக அசைந்தது. அவள் என் கையைப் பிடித்தாள். அவளுடைய கை சில்லென்று இருந்தது. மேலே ஏறிச் சமமாகி, பெல்ட் விளக்கு அணைந்த பிறகும் விடவில்லை.

"அந்த மழை நாள்ல கேரியர் திரும்பி வந்துச்சே" என்றாள், ஜன்னலைப் பார்த்தபடியே.

"ஆமா."

"அடி டப்பாவுல சோத்து மேல ஒரு சீட்டு இருந்துச்சு. பாலிதீன்ல சுத்தி வச்சிருந்தேன். அம்மா ஆஸ்பத்திரில படுத்துக்கிட்டே சொல்லுச்சு, நான் எழுதுனேன். ரெண்டே வரி. ஒன்னப் பாக்கணும் போல இருக்கு, எறங்கி வா. முடியலன்னா சாப்ட்டுட்டுப் போ."

நான் காலடியில் இருந்த கேரியரைப் பார்த்தேன்.

"கப்பல் கரையில கட்டுனா எல்லாரும் எறங்குவாங்க. எறங்காதவன் மெஸ்ஸுல உக்காந்து திம்பான். எனக்குத் தெரிஞ்சது அதுதான். இவ ரெண்டும் செய்யலியேன்னு நெனச்சேன். டப்பாவத் தெறந்துகூடப் பாக்கலியேன்னு."

அந்தச் சீட்டைப் பார்த்திருந்தால் இறங்கியிருப்பேனா என்று யோசித்தேன். இறங்கியிருக்க மாட்டேன். க்ரூவில் நாலு பேர் இல்லாமல் அந்த விமானத்தின் கதவை மூட முடியாது. பட்டியலைக் கையில் பிடித்தபடி அழுதுகொண்டே சென்னைக்குப் போயிருப்பேன். ஆனால் இரண்டாவது வரியைச் செய்திருக்கலாம். சுவரைப் பார்த்து நின்று இரண்டு வாய். அதற்கு ஒரு நிமிடம் போதும். அந்த ஒரு நிமிடம் என்னிடம் இருந்தது.

"எங்கிட்ட ஏன் சொல்லலக்கா?"

"சொன்னா நீ தாங்குவியா? வேலைய விட்டுட்டு வந்து மூலையில உக்காந்திருப்ப."

"அம்மாகிட்ட என்ன சொன்ன?"

"அவ சாப்ட்டான்னு சொன்னேன்." அக்கா முதல் தடவையாக என் பக்கம் திரும்பினாள். "மெஸ்ஸுல உக்காந்து சாப்ட்டாளாம், அம்மான்னேன். காலி டப்பாவத் தெறந்து காட்டுனேன். நல்லா பாத்துச்சு. சிரிச்சுச்சு."

"காலி டப்பாவா?"

"நாந்தான் தின்னேன். காலியாக் காட்டணும்ல. ஆஸ்பத்திரி வராந்தாவுல, செவுத்தப் பாத்து நின்னுக்கிட்டு."

நான் அழுதேன். பணியில் ஒரு நாள்கூட நான் விமானத்தில் அழுததில்லை. அந்தப் பெண் ஓடி வந்து தண்ணீர் வேண்டுமா மேம் என்று கேட்டாள். அக்கா அவளிடம், "குச் நஹி, பேட்டி. கானா காயேகி" என்றாள். ஒன்றுமில்லை, இவள் சாப்பிடப் போகிறாள் என்று அனுப்பிவிட்டு, என் முன்னால் மேசையைத் தானே இழுத்துப் போட்டாள். எப்படி இழுப்பது என்று எங்கே பார்த்துக்கொண்டாளோ. கேரியரைப் பிரித்து மூன்று டப்பாவையும் வரிசையாக வைத்தாள்.

"உக்காந்து தின்னு" என்றாள்.

உட்கார்ந்து தின்றேன். பெல்ட் போட்டபடி, முள் பார்த்து, மெதுவாக. அவளுக்கு ஊட்டினேன், இரண்டு வாய்க்கு மேல் வேண்டாம் என்றாள். புளிச்சோற்றில் கடைசிக் கடலைப்பருப்பு வரை தின்றேன். அரை மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கும்.

நான் டப்பாக்களை அடுக்கப் போனேன். அக்கா என் கையைத் தட்டிவிட்டு, ஒவ்வொன்றாக எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். மேல் டப்பா, நடு டப்பா. அடி டப்பாவைக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தாள். பிறகு மூடினாள்.

"கிராஸ் செக்" என்றாள்.